அருவிக்கு உத்தரவாதம்

“அருவியில குளிக்க விட மாட்டேங்குறாங்க. ரூம் வாடகையத் திருப்பிக் குடுங்க.”

கேட்டவர் விருதுநகர்க்காரர். இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய், கையில் சீயக்காய்ப் பொட்டலம். அவருக்குப் பின்னால் அவருடைய குடும்பத்தார் ஏழு பேர் எண்ணெய் வழிய நின்றுகொண்டிருந்தார்கள். காலையில்தான் லாட்ஜில் வேலை பார்க்கும் உலகம்மாள் துடைத்துவிட்டுப் போயிருந்த தரை அது.

மாரிச்செல்வம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தபடி சிரித்தார். சீசன் நேரத்தில் லாட்ஜ் நடத்துகிறவருக்கு இந்த மாதிரி வேடிக்கைப் பேச்சு பழக்கம்தான்.

“அருவி என்ன எங்க அப்பா கட்டிவிட்டதா அண்ணாச்சி? தண்ணி அருவி முன்னால இருக்க ஆர்ச்சைத் தாண்டி விழுது. போலீஸ்காரன் விடமாட்டான். நாளைக்குக் குறைஞ்சா விடுவான். அதுக்கு நான் என்ன செய்ய?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது. இதுல போட்டிருக்குல்ல? படிங்க.”

விருதுநகர்க்காரர் நீட்டிய செல்போனில் ‘சுகவாசம்’ ஆப் திறந்திருந்தது. ‘சாரல் இல்லம், ஐந்தருவி ரோடு, குற்றாலம்’ என்று மாரிச்செல்வத்தின் லாட்ஜ் படம். அதற்குக் கீழே பச்சை எழுத்தில்: ‘அருவி உத்தரவாதம்! அருவியில் குளிக்க முடியாவிட்டால் முழு வாடகையும் வாபஸ். விடுதி உரிமையாளர் பொறுப்பு.’ அதற்கும் கீழே ஒரு சிவப்புப் பொத்தான். ‘குளிக்க முடியவில்லை’ என்று அதில் எழுதியிருந்தது.

“இதை ஒரு அமுக்கு அமுக்கினா பணம் எனக்கு வந்துரும். சொல்லாம அமுக்க வேண்டாமேன்னுதான் சொல்லிட்டு அமுக்குறேன்” என்றார் விருதுநகர்க்காரர். அமுக்கிவிட்டார். நல்ல மனிதர்.

மாரிச்செல்வத்துக்கு ஆறு அறைகள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் அவை நிறைந்தால்தான் மிச்ச ஒன்பது மாதம் வீட்டில் அடுப்பு எரியும். முன்பெல்லாம் பஸ் ஸ்டாண்டில் போய் நின்று “ரூம் வேணுமா சார்” என்று கேட்டால் ஆள் கிடைக்கும். இப்போது வருகிறவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டேதான் பஸ்ஸை விட்டு இறங்குகிறார்கள். அதனால் போன வருஷம் சுகவாசம் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டிருந்தார். முத்திரைத்தாளில் பன்னிரண்டு நிபந்தனை. ரூம் மட்டும், சாப்பாடு கிடையாது, வாடகை வாபஸ் கிடையாது. அதை லேமினேட் செய்து கவுண்டருக்கு மேலே குற்றாலநாதர் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, சாமிக்குக் காட்டும் சூடத்தை அதற்கும் ஒரு சுற்று காட்டி வந்தார்.

கம்பெனிக்குப் போன் போட்டார். அரைமணி நேரம் பாட்டு கேட்டபிறகு ஒரு பெண் குரல் வந்தது.

“வணக்கம். சுகவாசத்திலிருந்து எப்சிபா பேசுறேன். நாங்க உங்களுக்கு எப்படி உதவலாம்?”

“உதவுனது போதும்மா. என் லாட்ஜுக்கு அருவி உத்தரவாதம்னு யாரு போட்டது?”

“அது நம்ம புது நிபந்தனை சார். பதிமூணாவது.”

“நம்ம நிபந்தனையா? நான் எப்ப சம்மதிச்சேன்?”

“போன மாசம் மெயில் அனுப்பியிருக்கோம் சார். ஏழு நாளைக்குள்ள பதில் வரலேன்னா சம்மதம்னு எடுத்துக்குவோம்.”

“எங்க ஊர்ல பொண்ணு பாத்துட்டுப் போனவன் ஏழு நாளா பதில் சொல்லலன்னா, வேண்டாம்னு அர்த்தம்மா. சம்மதம்னு எடுத்துக்கிட்டு நாங்க பந்தக்கால் நட மாட்டோம்.”

“அப்படியா சார்? உங்க கருத்தைப் பதிவு பண்ணிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா?”

போனை வைத்த மாரிச்செல்வத்துக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. பணம் போனதுகூடப் பெரிதில்லை. தன் வீட்டு வாசலில் தன்னைக் கேட்காமல் ஒருவன் விதி எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

“ஆப்பை விட்டு வெளிய வந்துரும்வே” என்றார் பக்கத்து நேந்திரங்காய் சிப்ஸ் கடை சேக் மைதீன். மாரிச்செல்வத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி.

“ஆகஸ்ட் கடைசி வரைக்கும் புக்கிங் கெடக்கு. நான் இப்ப வெளிய வந்தா ரூம் பூரா காத்தாடும். எதுக்குவே நான் வெளிய வரணும்? தப்பு செஞ்சவன் அவன்லா? நான் ஒரு அடி நகர மாட்டேன்.”

நகராமல் இருப்பதென்றால் ஒரே வழிதான். அருவியில் தடை போட்டாலும் எவனும் அந்தச் சிவப்புப் பொத்தானை அமுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த வாரம் மறுபடியும் வெள்ளம், மறுபடியும் தடை. சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு திண்டுக்கல் குடும்பம் எண்ணெய்த் தலையோடு திரும்பி வந்தது. அப்பாக்காரர் பாக்கெட்டில் கையை விட்டுப் போனை எடுப்பதற்குள் மாரிச்செல்வம் குறுக்கே பாய்ந்தார்.

“மொதல்ல உக்காருங்க அண்ணாச்சி. சாரல்ல நனைஞ்சு வந்திருக்கீங்க. சூடா சுக்குக்காப்பி குடிங்க. வாழைக்கா பஜ்ஜி வருது.” உள்ளே திரும்பி, “உலகம்மா!” என்று கூப்பிட்டார்.

உலகம்மாள் இலத்தூரிலிருந்து காலை ஏழு மணி பஸ்ஸில் வந்து, அறைகளைக் கூட்டித் துடைத்து, விரிப்பு மாற்றிவிட்டு, நாலரை பஸ்ஸில் ஊர் திரும்புகிறவள். அதிகம் பேச மாட்டாள். ரெண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள், அவள் குரல் எப்படியிருக்கும் என்று கேட்டால் மாரிச்செல்வம் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வார். கூப்பிட்டபோது அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

“நாலு பேருக்குப் பஜ்ஜி போடணும். கடலைமாவு மைதீன் கடையில வாங்கிக்கோ. ஒரு நாளைக்குத்தானே?”

உலகம்மாள் மணி பார்த்தாள். பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

திண்டுக்கல் குடும்பம் ஆளுக்கு ஏழு பஜ்ஜி தின்றது. யாரும் பொத்தானை அமுக்கவில்லை. அதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த அப்பாக்காரர் போகிற வழியில் புளியங்குடி தாண்டுவதற்குள் ஐந்து நட்சத்திரம் போட்டு, பஜ்ஜித் தட்டைப் படமெடுத்து, ‘இந்தப் பஜ்ஜிக்காகவே வரலாம்’ என்று எழுதிவிட்டார்.

மறுநாள் ஆப்பில் பதினான்காவது நிபந்தனை முளைத்திருந்தது. ‘தினமும் மாலை பஜ்ஜி, சுக்குக்காப்பி இலவசம். விடுதி உரிமையாளர் பொறுப்பு.’

“விருந்தாளிங்க பாராட்டுற வசதியை எங்க மிஷின் தானாவே நிபந்தனையில சேர்த்துடும் சார். வாழ்த்துகள்” என்றாள் எப்சிபா.

“மிஷினுக்குக் கூறு வேண்டாமா? நான் அவன் வாயை அடைக்கக் குடுத்தேன்ம்மா!”

“பதிவு பண்ணிட்டேன் சார்.”

அன்று முதல் சாரல் இல்லத்தில் தினமும் பஜ்ஜி. உலகம்மாள் ஆறு மணி பஸ்ஸுக்கு மாறினாள்.

ஜூலை முதல் வாரம் மூன்று நாள் தொடர்ந்து வெள்ளம். மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாவற்றிலும் தடை. பஜ்ஜிக்கெல்லாம் விருந்தாளிகள் மசியவில்லை. அது நிபந்தனையில் உள்ளதுதானே, தனியாக என்ன சலுகை என்று கேட்டார்கள். ஒரே நாளில் மூன்று பொத்தான் அமுங்கியது. மாரிச்செல்வம் லாட்ஜுக்குள் கூண்டில் அடைபட்டவர் மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடந்தார். பிறகு திடீரென்று நின்றார்.

“மைதீனு! அருவியில குளிக்க முடியாட்டின்னுதானே போட்டிருக்கான்? எந்த அருவின்னு போடலல்லா?”

“போடல.”

“அப்பம் நானே ஒரு அருவி கட்டுதேன். எந்தப் போலீஸ்காரன் வந்து தடுக்கான்னு பாப்போம்!”

கட்டியும் விட்டார். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மூன்றங்குலக் குழாயை இறக்கி, பின்பக்கச் சுவரோரம் பத்தடி உயரத்தில் ஒரு தகரத்தை வளைத்துப் பொருத்தினார். வால்வைத் திறந்தால் தண்ணீர் தகரத்தில் அடித்துச் சிதறிக் கொட்டியது. அடியில் கருங்கல் பாவினார். செங்கோட்டையிலிருந்து நாலு செடி வாங்கி வந்து ஓரத்தில் வைத்தார். குரங்குகூட வந்து உட்கார்ந்து பார்த்தது. இனி ஒருத்தன் பொத்தானைத் தொடட்டும் என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

ஒரேயொரு சிக்கல். குளிக்கிறவர்கள் குளிக்கும்வரை மாடியில் நின்று வால்வைக் கூட்டிக் குறைத்துப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இல்லாவிட்டால் தொட்டி பத்து நிமிஷத்தில் காலி. கருங்கல்லில் பாசி பிடிக்காமல் தினமும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்க்கவும் வேண்டும்.

“உலகம்மா, ஒனக்கு மாடியில நல்லாக் காத்து வரும்” என்றார் மாரிச்செல்வம்.

மழைக்கோட்டு ஒன்றும் கொடுத்தார். பழையதுதான், ஆனால் கிழிசல் இல்லை. உலகம்மாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறினாள்.

அருவி சக்கைப்போடு போட்டது. கூட்டம் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை, செயினை அறுப்பவன் இல்லை. ஒரு கோவில்பட்டிப் பாட்டியம்மா அரைமணி நேரம் தலையைக் காட்டி நின்றுவிட்டு, மெயின் அருவியைவிட இதுதான் சுகம் என்று பேரனிடம் சொன்னாள். பேரன் அதை அப்படியே ஆப்பில் எழுதினான்.

பதினைந்தாவது நிபந்தனை: ‘விருந்தினருக்கு மட்டுமேயான தனி அருவி, காலை எட்டு முதல் இரவு ஏழரை வரை. அருவி நின்றால் முழு வாடகையும் வாபஸ்.’

இப்போது அவர் கட்டிய அருவிக்கே அவர் உத்தரவாதம் கொடுக்க வேண்டியதாயிற்று. கரண்ட் போனால் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் தொட்டி நிறையாது. சீசன் காற்றில் தினமும் எங்கேயாவது மரம் முறிந்து கம்பியில் விழுந்துகொண்டிருந்தது.

அப்படி ஒரு மத்தியானம் அருவி நின்றது. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தலை நிறையச் சீயக்காயோடு கவுண்டருக்கு வந்தார். “ஏனுங்க, அருவி நின்னு போச்சுங்க. பொத்தானை அமுக்கிக்கட்டுங்களா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

மாரிச்செல்வத்துக்குள் ஒரு மாதத்துக்கு மேலாக அடைத்து வைத்திருந்தது உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

“அமுக்குவேரு! அமுக்குவேரு! ஏலே, தொட்டித் தண்ணியப் பூரா மூணு மணி நேரமா குளிச்சுக் காலி பண்ணிட்டுப் பொத்தானா அமுக்குத? பஜ்ஜியத் திங்கும்போது மட்டும் வாய் நோவலியோ? வெளங்காத மூதி! ஊர்ல மரம் முறிஞ்சு விழுந்து கெடக்கு, சவத்துக்கு அருவி வேணுமாம்லா அருவி! பேதியில போவான், அந்தக் கம்பெனிக்காரன் மட்டும் கையில கெடைச்சான், தகரத்துக்குக் கீழ ஒரு வாரம் நிக்க வைப்பேன்!”

கோயம்புத்தூர்க்காரர் கண்ணில் சீயக்காய் இறங்கியதையும் பொருட்படுத்தாமல் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி மொத்தத்தையும் வீடியோ எடுத்துவிட்டார். பொத்தானை அமுக்கவில்லை. ஆப்பில் வீடியோவைப் போட்டு, ‘என் வாழ்நாளில் இப்படியொரு பேச்சு கேட்டதில்லை, சிரித்துச் சிரித்து வயிறு புண்ணானது’ என்று எழுதி ஐந்து நட்சத்திரம் கொடுத்தார்.

பதினாறாவது நிபந்தனை: ‘உள்ளூர் அனுபவம். விடுதி உரிமையாளர் நெல்லைத் தமிழில் நேரடியாகத் திட்டுவார்.’

அதற்குப்பின் வந்தவர்கள் பெட்டியைக் கீழே வைக்கும்போதே ஆவலோடு மாரிச்செல்வத்தின் முகத்தைப் பார்த்தார்கள். சேலத்திலிருந்து வந்த ஒரு வாத்தியார் தம்பதி இரண்டு நாள் பொறுமையாகக் காத்திருந்துவிட்டு, “அண்ணே, எங்களை இன்னும் திட்டலையே? நாளைக்குக் காலையில கிளம்புறோம்” என்று ஏக்கத்தோடு கேட்டார்கள். திட்டச் சொல்லிக் கேட்டால் யாருக்குத்தான் திட்ட வரும்? அவர், “அய்யோ, உங்களை எதுக்குங்க திட்டணும், நல்ல மனுசங்க” என்று சொல்லி அனுப்பிவைத்தார். மறுநாள் ஒற்றை நட்சத்திரம் வந்தது. ‘உரிமையாளர் மிகவும் மரியாதையாகப் பேசினார். ஏமாற்றம்.’

“உலகம்மா, பஜ்ஜித் தட்டை வைக்கும்போது நீ ஆளுக்கு ரெண்டு வார்த்தை திட்டிட்டு வந்துரேன்” என்றார் மாரிச்செல்வம், ஒற்றை நட்சத்திரத்துக்குப் பயந்து எல்லாரையும் திட்டித் தொண்டை கட்டிப்போய்.

உலகம்மாள் கையில் பஜ்ஜித் தட்டோடு அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இவளுக்குத் திட்ட வராது என்று முடிவு செய்து மாரிச்செல்வம் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்.

அன்று சாயங்காலம் அவளே கவுண்டருக்கு வந்தாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, ஒரு விசயம்...”

“கெஸ்டு நிக்காங்க பாரு. எதுன்னாலும் வாட்ஸ்அப்ல போட்டு விடு, நான் பாக்கேன்.”

உலகம்மாள் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனாள். இப்போதெல்லாம் அவளுக்கு எட்டு மணி பஸ்தான்.

கடைசியில் வழி சொன்னவர் சேக் மைதீன்தான்.

“அவன் ஒமக்குப் போட்ட மாதிரி நீரும் அவனுக்குப் போடும்வே. ஏழு நாளைக்குள்ள பதில் வரலேன்னா சம்மதம்னு அவன் சொல்லுதான்லா? அவன் மட்டும் என்னைக்கு நம்ம மெயிலுக்குப் பதில் போட்டிருக்கான்?”

மாரிச்செல்வம் எழுந்து நின்று சேக் மைதீனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். சிப்ஸ் எண்ணெய் சட்டையில் ஒட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை.

அன்று முழுக்க உட்கார்ந்து எழுதினார். மெயிலில் ஒன்று, தென்காசி தபாலாபீசுக்குப் போய் ரிஜிஸ்டர் தபாலில் ஒன்று. அனுப்புவதற்கு முன் யாருக்காவது படித்துக் காட்டாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. விரிப்பு மடித்துக்கொண்டிருந்த உலகம்மாளைக் கூப்பிட்டு எதிரே நிறுத்திக் கணீரென்று படித்தார்.

“சுகவாசம் கம்பெனியாருக்கு, சாரல் இல்லம் உரிமையாளர் மாரிச்செல்வம் எழுதுவது. உங்கள் நிபந்தனைகளால் நான் தினமும் பஜ்ஜி போட்டும், வால்வைப் பிடித்தும் இடுப்பொடிந்து கிடக்கிறேன். ஆகவே நமது ஒப்பந்தம் கீழ்க்கண்டபடி மாற்றப்படுகிறது. ஒன்று, அருவியில் தண்ணீர் அதிகமாக விழுந்தால் கம்பெனி அதிகாரி நேரில் வந்து குறைத்துத் தர வேண்டும். இரண்டு, பஜ்ஜியைக் கம்பெனி ஆள் வந்து போட வேண்டும். மூன்று, மாடி வால்வையும் கம்பெனி ஆளே பிடித்துக்கொள்ள வேண்டும். நான்கு, திட்டு தேவைப்படும் விருந்தினரைச் செல்வி எப்சிபா போனில் திட்ட வேண்டும். இதற்கு ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.” தாளை இறக்கினார். “எப்படி இருக்கு?”

உலகம்மாள் யோசித்தாள்.

“இது செல்லுமா அண்ணாச்சி?”

“செல்லாம? அவனுக்குச் செல்லும்னா நமக்கும் செல்லும். நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே உலகம்மா! எவன் பெரிய ஆளு, எவன் சின்ன ஆளுங்கதெல்லாம் இதுல கெடையாது.”

உலகம்மாள் விரிப்பை மடிக்கப் போய்விட்டாள். மாரிச்செல்வம் தபாலாபீசுக்குக் கிளம்பினார். அன்று வியாழக்கிழமை.

அந்த ஏழு நாளும் அவர் மெயில் பெட்டியைத் தவிர வேறெதையும் திறக்கவில்லை. சொந்தக்காரர்களின் காலை வணக்கமும் பூப்படமும் வந்து குவிந்த வாட்ஸ்அப்பை மொத்தமாக ஊமையாக்கி வைத்தார். முதல் நாளே கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்ததும் பதில் வந்துவிட்டதென்று பதறிப்போனார். திறந்து பார்த்தால், ‘இந்தச் சீசனுக்கு உங்கள் விடுதிக்கு வெள்ளையடிக்க எங்கள் சலுகைக் கடன்’ என்று விளம்பரம். ஐந்தாம் நாள் தபாலாபீஸ் ஒப்புகை அட்டை கம்பெனி முத்திரையோடு திரும்பி வந்தது. அதையும் லேமினேட் செய்தார். ஏழாம் நாள் பொழுது இறங்கும்வரை பதில் இல்லை.

எட்டாம் நாள், வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஆப்பில் போய்த் தன் லாட்ஜ் பக்கத்தில் நான்கு நிபந்தனைகளையும் தானே ஏற்றினார். படம் போடும் இடத்தில் ஒப்புகை அட்டையைப் போட்டார். அன்றைக்குக் கம்பெனி உதவி எண்ணுக்கு ஆறு பேர் போன் போட்டு, ‘எப்சிபா மேடம், எங்களைத் திட்டுங்க’ என்று கேட்டார்களாம்.

மத்தியானம் மூன்று மணிக்கு ஜெஸ்வின் வந்து இறங்கினான். திருநெல்வேலி ஏரியா மேனேஜர். போன வருஷம் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிப்போனவன் அவன்தான். சாரலில் டை நனைந்து நெஞ்சில் ஒட்டியிருந்தது.

“என்ன அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க? பெங்களூர் ஹெட் ஆபீஸ்ல பெரிய பிரச்சனை ஆயிட்டு. இதெல்லாம் செல்லாது. நாங்க சம்மதிக்கவே இல்லையே.”

“ஏழு நாள் ஆயிட்டே தம்பி.”

“உங்க மெயிலை நாங்க பாக்கல.”

“நானுந்தான் உங்க மெயிலைப் பாக்கல.”

“அண்ணாச்சி, அது கம்பெனி...”

“இது சாரல் இல்லம். அடுப்படி அந்தா இருக்கு. வாழைக்கா வாங்கி வச்சாச்சு. ரெண்டாவது நிபந்தனைப்படி பஜ்ஜி போடுதீங்களா, இல்ல மூணாவதுபடி வால்வைப் பிடிக்கீங்களா? மழைக்கோட்டு தாரேன். பழசுதான், கிழிசல் இல்ல.”

ஜெஸ்வின் வெளியே போய்ச் சாரலில் நின்றபடி பெங்களூருக்குப் பேசினான். வக்கீலுக்குப் பேசினான். மறுபடி பெங்களூருக்குப் பேசினான். சேக் மைதீன் சிப்ஸ் வறுப்பதை நிறுத்திவிட்டுக் கரண்டியோடு வந்து வேடிக்கை பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்து ஜெஸ்வின் உள்ளே வந்தபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

“பதில் சொல்லலன்னா சம்மதம்கிறது செல்லாதுன்னு நாங்க எழுதிக் குடுத்தா, பன்னெண்டாயிரம் லாட்ஜுலயும் செல்லாமப் போயிரும்னு வக்கீல் சொல்லுதாரு. செல்லும்னு ஒத்துக்கிட்டா நான் பஜ்ஜி போடணும்.”

“ஆமா.”

“ஒங்களுக்கு மட்டும் பழைய பன்னெண்டு நிபந்தனையும் அப்படியே குடுத்துருதோம். இனிமே ரெண்டு பேரும் கையெழுத்து போடாம ஒரு எழுத்துகூட மாறாது. நீங்களும் உங்க நாலையும் எடுத்துருங்க. வெளிய மட்டும் சொல்லிராதீங்க அண்ணாச்சி.”

வாசலில் கரண்டியோடு நின்ற சேக் மைதீன், “யாரு சொல்லப் போறா?” என்று ரோட்டுக்கே கேட்கும்படி சொன்னார்.

ஜெஸ்வின் கையெழுத்துப் போட்டான். மாரிச்செல்வமும் போட்டார். இரண்டு மாதமாக யார் யாரோ எழுதிவிட்டுப் போன தன் வீட்டு வாசல் மறுபடியும் தன்னுடையதாகிவிட்டது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குற்றாலநாதரை ஒரு பார்வை பார்த்தார்.

“இனி பஜ்ஜியும் கெடையாது, அருவியும் கெடையாதுன்னு அர்த்தம் இல்ல தம்பி” என்று ஜெஸ்வினின் முதுகில் தட்டினார். “நல்ல யாவாரம் அது. இனி எல்லாம் காசுக்கு! ஒரு பிளேட் பஜ்ஜிக்கு ஒரு ரேட்டு, தலைக்கு ஒரு குளியலுக்கு ஒரு ரேட்டு. காலையில இட்லியும் போடலாம்னு இருக்கேன். நீங்க சொல்லித்தான் செய்ய மாட்டேன், நானா செஞ்சா யாரு கேக்கா?” உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “உலகம்மா! சாருக்குச் சூடா நாலு பஜ்ஜி, ஒரு சுக்குக்காப்பி!”

உள்ளேயிருந்து எண்ணெய்ச் சட்டியின் சத்தம் வரவில்லை. உலகம்மாள்தான் வந்தாள். தோளில் பை, கையில் குடை. மணி நாலேகால்.

“என்னம்மா, கிளம்பிட்ட? பஜ்ஜி?”

“வாட்ஸ்அப் பாக்கலியா அண்ணாச்சி?”

மாரிச்செல்வம் போனை எடுத்தார். முந்நூற்றுச் சொச்சம் பூப்படங்களுக்கு அடியில், போன வாரம் வியாழக்கிழமை தேதியில், உலகம்மாளின் செய்தி கிடந்தது. ஜெஸ்வினும் சேக் மைதீனும் ஆளுக்கொரு தோள் வழியாக எட்டிப் பார்த்தார்கள்.

‘சாரல் இல்லம் அண்ணாச்சிக்கு உலகம்மாள் எழுதுவது. நான் சேரும்போது பேசியது கூட்டுவது, துடைப்பது, விரிப்பு மாற்றுவது, நாலரை பஸ். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை முதல் பஜ்ஜி, காப்பி, வால்வு, பாசி தேய்ப்பது எல்லாம் அண்ணாச்சியே பார்த்துக்கொள்ள வேண்டும். ஏழு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளப்படும்.’

“என்ன உலகம்மா இது?” மாரிச்செல்வம் போனை அவள் பக்கம் நீட்டினார். “இதுக்கு நான் எப்ப சம்மதிச்சேன்?”

உலகம்மாள் வாசலில் இறங்கிக் குடையை விரித்தாள்.

“பஜ்ஜிக்கு நான் எப்ப அண்ணாச்சி சம்மதிச்சேன்?”